அரசுப் பணம் பலன் தந்ததா? வேலூர் மாவட்டத்தில் ஒரு திட்டத்தை நீங்களே அளந்து பார்ப்பது எப்படி

குடியாத்தத்தில் ஒரு லுங்கித் தறிக்கூடம், பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தைக்கும் ஒரு யூனிட், ஒடுகத்தூர் பக்கம் ஒரு பால் பண்ணை. மூன்றுக்கும் அரசு மானியம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அறிக்கை வரும். இத்தனை பேருக்குக் கடன், இத்தனை கோடி செலவு, இலக்கில் இத்தனை சதவீதம் எட்டப்பட்டது. பணம் எங்கே போனது என்பதை இந்த எண்கள் சொல்லிவிடும். போன இடத்தில் அது என்ன செய்தது என்று தெரிய வேறு எண்கள் வேண்டும். அந்த எண்களைத்தான் குறிகாட்டிகள் என்கிறோம்.

அவற்றை உருவாக்கப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஊராட்சி வார்டு உறுப்பினர், மகளிர் குழுக் கூட்டமைப்பின் கணக்காளர், கல்லூரி மாணவர், உள்ளூர் நிருபர், யாராலும் முடியும். ஒரு நோட்டு, ஒரு எக்செல் தாள், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

முதல் படி: ஒரே ஒரு திட்டம், அதன் வாக்குறுதி

எல்லாத் திட்டங்களையும் ஒரே நேரத்தில் அளக்கக் கிளம்பாதீர்கள். ஒன்றை எடுங்கள். அதன் வழிகாட்டு நெறிமுறையை முழுதாகப் படியுங்கள். யாருக்கு, எதற்காக, எவ்வளவு காலத்துக்குள் என்ன நடக்கும் என்று திட்டமே சொல்லியிருப்பதை உங்கள் சொந்த வார்த்தையில் நாலு வரியில் எழுதுங்கள். இந்த நாலு வரிதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இந்த வழிகாட்டி முழுவதும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2008ல் தொடங்கியது. மாவட்டத் தொழில் மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். வங்கி கடன் தரும், அரசு மானியம் தரும். நகரத்தில் தொழில் தொடங்கும் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 15 சதவீதம் மானியம். கிராமத்தில் தொடங்கும் பெண்கள், பட்டியலினத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மானியத் தொகை உடனே தொழில்முனைவோர் கைக்கு வராது. மூன்று ஆண்டுகளுக்கு வங்கியில் வைப்பாக இருக்கும். தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிக்கப்படும்.

ஆக, மூன்று ஆண்டாவது தொழில் நிற்க வேண்டும் என்று திட்டமே எதிர்பார்க்கிறது. அப்படியானால் நம் முதல் கேள்வியும் தானாகக் கிடைத்துவிட்டது. மூன்றாம் ஆண்டு முடிவில் எத்தனை யூனிட் ஓடுகின்றன?

இரண்டாம் படி: பணத்திலிருந்து வாழ்க்கை வரை ஒரு சங்கிலி

ஒரு தாளில் இடமிருந்து வலமாக ஐந்து கட்டம் போடுங்கள். போட்ட பணம், நடந்த பணி, கைக்கு வந்த பொருள், அதனால் ஏற்பட்ட மாற்றம், நீண்டகாலத் தாக்கம். நம் உதாரணத்தில் மானியம் முதல் கட்டம். விண்ணப்பப் பரிசீலனையும் பயிற்சியும் இரண்டாவது. தொடங்கிய யூனிட்டுகள் மூன்றாவது. அந்த யூனிட்டால் கூடிய குடும்ப வருமானமும் கிடைத்த கூலி வேலையும் நான்காவது. அந்தப் பகுதியில் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போவது குறைந்ததா என்பது ஐந்தாவது.

அரசு அறிக்கைகளில் பெரும்பாலும் முதல் மூன்று கட்டங்கள் நிரம்பி வழியும். நான்காவது காலியாக இருக்கும். இந்தியாவில் இந்தக் குறை நெடுநாளாகத் தெரிந்த விஷயம்தான். 2005ல் நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம், செலவுக் கணக்கோடு நிற்காமல் விளைவையும் சொல்லும் பட்ஜெட் ஆவணத்தைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். 2017-18லிருந்து மத்திய அரசின் திட்டங்களுக்கு வெளிப்பாடு (கைக்கு வந்த பொருள்), விளைவு (அதனால் ஏற்பட்ட மாற்றம்) என்று தனித்தனிக் குறிகாட்டிகள் வகுக்கப்படுகின்றன. ஆனால் அவை நாடு முழுவதற்குமான எண்கள். குடியாத்தம் ஒன்றியத்தில் என்ன ஆனது என்று அவற்றிலிருந்து தெரியாது.

மூன்றாம் படி: குறிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்தல்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஐந்து அல்லது ஆறு குறிகாட்டிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வைத்தால் எதையும் ஒழுங்காகச் சேகரிக்க முடியாது.

ஒவ்வொரு எண்ணையும் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இது எண்ணி வந்ததா, பெருக்கி வந்ததா என்பதுதான். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு உதாரணம். 2021-22ல் இத்திட்டத்தில் நாடு முழுவதும் 1,03,219 யூனிட்டுகள், அவற்றால் 8,25,752 பேருக்கு வேலை என்று அரசுக் கணக்கு. இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். மீதமில்லாமல் எட்டு வரும். 2022-23ல் 85,167 யூனிட்டுகள், 6,81,336 பேர். அதையும் வகுங்கள். மறுபடியும் எட்டு. ஒரு யூனிட்டுக்குச் சராசரி எட்டுப் பேர் என்று மதிப்பிட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை, மதிப்பீடு என்றே குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்த எண் செய்தியாகி, மேடைப் பேச்சாகி, கடைசியில் எண்ணிப் பார்த்த உண்மை போலவே உலவுகிறது. ஒரு தையல் கடையில் எட்டுப் பேர் இருப்பார்களா? ஒரு ஜெராக்ஸ் கடையில்? யூனிட் எண்ணிக்கை கூடினால் வேலை எண்ணிக்கையும் கூடியே தீரும் என்றால், இரண்டாவது எண் நமக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

அதனால் நாம் நேராக எண்ணுவோம். இத்திட்டத்துக்கு நான் வைக்கும் குறிகாட்டிகள் இவை. ஒரே நிதியாண்டில் மானியம் ஒப்புதலான யூனிட்டுகளில் மூன்றாம் ஆண்டு முடிவில் ஓடுபவை நூற்றுக்கு எத்தனை. கடந்த மாதம் அங்கே சம்பளம் வாங்கியவர்கள் எத்தனை பேர், உரிமையாளர் குடும்பம் நீங்கலாக. தவணை கட்டியபின் உரிமையாளர் கையில் மாதம் நிற்கும் பணம். விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து கடன் கைக்கு வந்த நாள் வரை எத்தனை நாள். பெண்கள் பெயரில் உள்ள யூனிட்டுகளில், வங்கிக் கணக்கையும் வியாபாரத்தையும் அந்தப் பெண்ணே நடத்துபவை எத்தனை. கடைசியாக, நிலைத்து நிற்கும் ஒரு யூனிட்டுக்கு அரசுக்கு ஆன செலவு.

ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்க அட்டை ஒன்று எழுதி வையுங்கள். சரியான வரையறை, மேலே வரும் எண், கீழே வகுக்கும் எண், தகவல் எங்கிருந்து வரும், யார் சேகரிப்பார், எந்த மாதத்தில் சேகரிப்பார். ‘ஓடுகிறது’ என்றால் என்ன? பூட்டு திறந்திருந்தால் போதுமா? கடந்த 30 நாளில் ஒரு விற்பனையாவது நடந்து, மின் இணைப்பும் உயிரோடு இருந்தால் ஓடுகிறது என்று கொள்ளலாம். எப்படி வேண்டுமானாலும் வரையறுங்கள், ஆனால் களத்துக்குப் போகும் முன் எழுதிவிடுங்கள். போன பிறகு எழுதினால் பார்த்த முகங்களுக்காக வரையறை வளைந்துவிடும். இரக்கம் நல்லதுதான், ஆனால் கணக்கில் அதற்கு இடம் கொடுத்தால் அடுத்த ஆண்டு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

நான்காம் படி: தொடக்க நிலை

மாற்றத்தை அளக்க, முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். நம் மாவட்டத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1989ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ‘வேலூர் மாவட்டம்’ என்றால் 39 லட்சத்துக்கும் மேல். இன்று அதே பெயரில் உள்ள பரப்பில் அதே கணக்கின்படி சுமார் 16 லட்சம்தான். 2018ஆம் ஆண்டின் வேலூர் எண்ணையும் 2022ஆம் ஆண்டின் வேலூர் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்தால், எந்தத் திட்டமும் படுதோல்வி அடைந்தது போலத் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழில் முழுவதும் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டதே.

வழி எளிது. மாவட்ட எண்ணை விட்டுவிட்டு ஒன்றிய எண்ணைச் சேகரியுங்கள். இன்றைய மாவட்டத்தில் வேலூர், காட்பாடி, கணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு என ஏழு ஒன்றியங்கள். ஒன்றிய வாரியான பழைய பட்டியலை எடுத்து, இன்றைய எல்லைக்குள் வரும் ஊர்களை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றிய எல்லையும் மாறியிருந்தால் ஊராட்சி வரை இறங்குங்கள். ‘ஆயிரம் பேருக்கு இத்தனை’ என்று கணக்குப் போடும்போது இன்னொரு கவனம் தேவை. 2021ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், கீழே வகுக்கும் எண் இன்னும் 2011க்கு உரியதாகவே இருக்கும். அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

ஐந்தாம் படி: தகவல் சேகரிப்பு

பயனாளிகள் பட்டியல் முதலில் வேண்டும். இணையத்தில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தனிநபர் விவரம் என்று மறுக்க வாய்ப்புண்டு. அதனால் ஆண்டு, ஒன்றியம், தொழில் வகை, மானியத் தொகை, தற்போதைய நிலை என்று கேட்பது நல்லது.

பட்டியலில் 400 பேர் இருந்தால் எல்லோரையும் பார்க்கத் தேவையில்லை. ஒன்று முதல் நான்குக்குள் ஒரு எண்ணைச் சீட்டுப் போட்டு எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு நான்காவது பெயராகக் குறியுங்கள். 100 பெயர் வரும். அந்த 100 பேரில் 60 பேரின் யூனிட் ஓடுகிறது என்றால், மொத்தத்தில் அது சுமார் 50க்கும் 70க்கும் இடையில் இருக்கும் என்று சொல்லலாம். இந்தப் பத்துப் புள்ளி ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். போன ஆண்டு 60, இந்த ஆண்டு 63 என்றால் முன்னேற்றம் என்று தலைப்புப் போடாதீர்கள்.

அலுவலகத்தில் ‘நல்லா ஓடுற யூனிட்’ நாலைந்தைக் காட்டுவார்கள். அங்கேயும் போங்கள், கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவற்றை மாதிரியில், அதாவது சீட்டுப் போட்டு எடுத்த அந்த 100 பெயரில், சேர்க்காதீர்கள். பூட்டிக் கிடக்கும் யூனிட்டின் முகவரியைத் தேடிப் போவதுதான் இந்த வேலையில் மிகக் கடினமானது, மிகத் தேவையானதும் அதுவே. ஆள் இல்லை என்று அடுத்த பெயருக்குத் தாவினால் உங்கள் மாதிரியில் வெற்றிகள் மட்டுமே மிஞ்சும். மூன்று முறை போயும் கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று தனியாகக் குறித்து, அந்த எண்ணிக்கையையும் வெளியிடுங்கள்.

கேள்விகள் குறுகிய காலத்தைப் பற்றியதாக இருக்கட்டும். ‘வருஷத்துக்கு எவ்வளவு வரும்?’ என்றால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. ‘போன மாசம் எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தீங்க, மொத்தம் எவ்வளவு?’ என்றால் விரல் விட்டுச் சொல்வார்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில் கேளுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தையும் ஆடி மாதத்தையும் ஒப்பிட்டால் ஜவுளி வியாபாரத்தின் பருவத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஆறாம் படி: திட்டம் இல்லாவிட்டாலும் நடந்திருக்குமா?

குறிகாட்டி வேலையின் உயிர்நாடி இதுதான். மானியம் வாங்கியவர்களின் மாத வருமானம் 9,000 ரூபாயிலிருந்து 14,000 ஆனது என்று வைத்துக்கொள்வோம் (இது கற்பனைக் கணக்கு). 5,000 கூடிவிட்டது என்று மகிழும் முன், அதே ஊரில் அதே காலத்தில் மானியம் வாங்காதவர்களைப் பாருங்கள். அவர்கள் 9,000லிருந்து 12,500க்குப் போயிருந்தால், 3,500 ரூபாய் ஊரோடு சேர்ந்து வந்த உயர்வு. திட்டத்தின் பங்கு 1,500தான். சில சமயம் அது பூஜ்யமாகவும் வரும். அப்படி வந்தால் அப்படியே எழுத வேண்டும்.

ஒப்பிட யாரைத் தேடுவது? அதே திட்டத்துக்கு விண்ணப்பித்து, தொழில் மையம் பரிந்துரைத்தும் வங்கியில் கடன் கிடைக்காதவர்கள் நல்ல குழு. முயற்சியும் ஆசையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். வங்கி பலவீனமானவர்களை ஒதுக்கியிருக்கலாம் என்பதால் இந்த ஒப்பீடு திட்டத்துக்குச் சற்றுச் சாதகமாகவே இருக்கும். அதையும் சொல்லிவிடுங்கள்.

திட்டம் ஒரே நாளில் எல்லா இடத்திலும் தொடங்காதபோது இன்னொரு வழி திறக்கும். 2005 சட்டப்படி வந்த நூறு நாள் வேலை, முதல் கட்டமாக 2006ல் தொடங்கிய மாவட்டங்களில் திருவண்ணாமலை உண்டு. வேலூருக்கு அது 2008ல்தான் வந்தது. ஒரு காலத்தில் ஒரே மாவட்டமாக இருந்த, மண்ணும் மழையும் ஏறக்குறைய ஒத்த இரண்டு பகுதிகள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் விவசாயக் கூலி எந்தப் பக்கம் வேகமாக ஏறியது என்று ஒப்பிட ஒரு மாணவருக்கு இதைவிட நல்ல களம் அமையாது.

மழையை மறந்துவிடக் கூடாது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் நாகநதியை உயிர்ப்பிக்க நூறு நாள் வேலையில் பெண்கள் நிலத்தடி நீரைச் செறிவூட்டும் கிணறுகளும் கல் தடுப்புகளும் அமைத்தார்கள். அருமையான பணி. அதன் குறிகாட்டி, வெட்டிய கிணறுகளின் எண்ணிக்கையைத் தாண்டி, சுற்றியுள்ள விவசாயக் கிணறுகளில் மே மாத நீர்மட்டமாக இருக்க வேண்டும். ஆனால் 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் ஓடியது. அடுத்த மே மாதம் மாவட்டமெங்கும் கிணறுகளில் நீர் இருந்தால் அது மழையின் கொடை. பணி நடக்காத பகுதிக் கிணறுகளையும் அதே மே மாதத்தில் அளந்து வித்தியாசத்தை எடுத்தால்தான் அந்தப் பெண்களின் உழைப்புக்கு உரிய மதிப்பு கணக்கில் ஏறும்.

எப்போது அளக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். பசுமைப் புரட்சியின் விளைவைப் பார்க்க 1973-74ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களில் கணக்கெடுத்தார்கள். புதிய நெல் ரகங்கள் அப்போது பாதிக்கும் குறைவான பரப்பில்தான் இருந்தன. பத்தாண்டு கழித்து வேறொரு ஆய்வுக் குழு அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போனபோது, சிறு விவசாயிகளும் அந்த ரகங்களுக்கு மாறியிருந்தார்கள், அவர்கள் வருமானமும் கூடியிருந்தது. முதல் அளவீட்டோடு நிறுத்தியிருந்தால் பெரிய விவசாயிகளுக்கு மட்டுமே பலன் என்ற தீர்ப்பே நிலைத்திருக்கும். இரண்டாம் முறை போனவர்களுக்கும் மழை சோதனை வைத்தது. 1982-83 வறட்சி ஆண்டு. அடுத்த ஆண்டும் கணக்கெடுத்ததால்தான் வறட்சியைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது.

ஏழாம் படி: செலவுக் கணக்கு

மீண்டும் கற்பனைக் கணக்கு. 40 யூனிட்டுக்குத் தலா 2 லட்சம் மானியம், மொத்தம் 80 லட்சம். எட்டால் பெருக்கினால் 320 வேலை, ஒரு வேலைக்கு 25,000 ரூபாய். நேரில் போனால் 25 யூனிட் ஓடுகின்றன, 60 பேர் சம்பளம் வாங்குகிறார்கள். நிலைத்த யூனிட்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம், ஒரு வேலைக்கு சுமார் 1 லட்சத்து 33 ஆயிரம். இது வீண் செலவு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகாமல் நிற்க இந்தத் தொகை நியாயமாகவே இருக்கலாம். ஆனால் விவாதம் சரியான எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது விலை உயர்வைக் கழியுங்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி 2024-25ல் 319 ரூபாய், 2025-26ல் 336. கூலிச் செலவு 5 சதவீதம் கூடியது என்றால், வேலை நாள் ஒன்றுகூடக் கூடவில்லை என்று பொருள்.

எட்டாம் படி: கணக்கில் வராத நட்டம்

பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. தோல் ஏற்றுமதி, அன்னியச் செலாவணி, வேலைவாய்ப்பு என்று பார்த்தால் நம் பகுதி பல ஆண்டுகள் பெருமைக்குரிய எண்களைக் காட்டியது. அதே காலத்தில் கிணறுகள் உப்பாகின. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைக் குறிப்பிட்டது. தொழிலின் பொருளாதார முக்கியத்துவத்தை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அந்த 35,000 ஹெக்டேர் எந்தத் தொழில் வளர்ச்சி அறிக்கையிலும் கழித்தல் குறியோடு வரவில்லை.

அதனால் உங்கள் ஆறு குறிகாட்டியில் ஒன்று நட்டத்தைப் பார்ப்பதாக இருக்கட்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மானியம் தரும் திட்டம் என்றால், நிலையங்களின் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். அருகிலுள்ள கிணறுகளில் கரைந்துள்ள உப்பின் அளவை எடுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. இந்த உப்பளவைக் காட்டும் ஒரு சிறு டி.டி.எஸ். மீட்டர் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையிலும் மழைக்குப் பிறகும், அதே கிணறுகளில்.

இலக்கு அழுத்தத்தையும் கவனியுங்கள். ஒரு எண்ணை வைத்து அதிகாரிக்குப் பாராட்டோ கண்டிப்போ வந்தால், அந்த எண் மட்டும் அழகாகத் தொடங்கும். மார்ச் கடைசியில் ஒப்புதல்கள் குவிகின்றனவா என்று மாதவாரியாகப் பாருங்கள். குவிந்தால், அந்த மாதத்தில் ஒப்புதலான யூனிட்டுகள் மூன்றாம் ஆண்டில் எப்படி இருக்கின்றன என்று தனியாகக் கணக்கிடுங்கள்.

ஒன்பதாம் படி: வெளியே சொல்வது

இரண்டு பக்கத்துக்கு மேல் அறிக்கை வேண்டாம். வாக்குறுதி நாலு வரி, குறிகாட்டி ஆறு, ஒவ்வொன்றுக்கும் முன்பு, இப்போது, ஒப்பீட்டுக் குழு என மூன்று எண், மாதிரியின் அளவு, கிடைக்காதவர்களின் எண்ணிக்கை. பயனாளிகளின் பெயர் வேண்டாம். வெளியிடும் முன் தொழில் மையத்திலும் வங்கியிலும் காட்டி அவர்கள் விளக்கத்தையும் சேருங்கள். யூனிட் மூடியதற்குக் காரணம் தவணை நெருக்கடியா, வாங்க ஆளில்லாததா, மின் கட்டணமா என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு தகவலே அடுத்த ஆண்டுத் தேர்வை மாற்றக்கூடும்.

அப்புறம் கிராம சபைக்கு எடுத்துப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும். ஒரு சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள். கூட்டத்தில் யாராவது எழுந்து, ‘அந்த யூனிட் நீங்க வந்த மாசம் மட்டும்தாங்க மூடியிருந்துச்சு’ என்று திருத்துவார். குறித்துக்கொண்டு, உடனே போய்ப் பார்த்து, தாளைத் திருத்துங்கள். அட்டைகளையும் கேள்வித் தாளையும் பெயர்ப் பட்டியலையும் ஒரே உறையில் போட்டு, தேதி எழுதி, பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் வேறு யார் போனாலும் அதே கேள்வியை அதே மாதிரி கேட்க அது வேண்டும்.